எந்த அரிசி, ஐயா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சீனக் கட்டுரையில், 'அரிசிக்காக மதம் மாறியவர்களே சீனக் கிறிஸ்தவர்கள்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். எந்த அரிசி, எந்த வருடத்து அரிசி என்று சொல்லியிருக்கலாம்.

அபினிப் போருக்குப் பிறகு பீரங்கியின் நிழலில்தான் மிஷனரிகள் உள்நாட்டுக்குப் போனார்கள். வயிற்றுக்காக வந்து சேர்ந்தவர்களும் அன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபிறகு அந்த வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியது தாங்கள் அறியாததா? 1966இல் மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் புத்தர் கோயில்களோடு தேவாலயங்களையும் பூட்டினார்கள். மறுபடி கதவு திறந்தது 1979இல். 1949இல் பத்து லட்சத்தை ஒட்டி இருந்த புராட்டஸ்டன்ட்டுகள், 2018இல் சீன அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி 3.8 கோடிக்கு மேல். அளந்து போட ஆளே இல்லாத காலத்தில் அரிசி எந்த வழியாக வந்ததாம்?

கிழக்குச் சீனாவின் வென்சோ நகரத்தார் கடைந்தெடுத்த வியாபாரிகள். 2014இல் அங்கே சான்ஜியாங் தேவாலயத்தை அதிகாரிகள் இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். கடைசியில் இடித்தே விட்டார்கள். அரிசிக்கு வந்தவன் அங்கே போய் உட்காருவானா?

நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவன். எனக்கு இதில் கட்சி கிடையாது. இங்கே சிங்கப்பூரில் 2020 கணக்கெடுப்பின்படி சீனர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கிறிஸ்தவர். பட்டதாரிகளில் இன்னும் அதிகம். ஆனால் எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, நாங்கள் 'ஆ மா' என்போம், பள்ளிக்கூடமே போகாதவர். வாசலில் சிவப்பு விளக்கெரியும் சாமி மாடம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால், இறந்தவர்களுக்காகக் கீழே தகர டின்னில் காகிதப் பணம் எரிப்பார். சாம்பல் பறந்துவந்து எங்கள் ஈரத்துணியில் ஒட்டும். 74 வயதில் ஞானஸ்நானம் வாங்கினார். மாடத்தை இறக்கிய அன்று, "அப்பாவுக்கு இனி யார் ஊதுபத்தி காட்டுவது?" என்று மூத்த மகன் போட்ட சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது. ஆ மா இறந்தபோது எல்லோரும் பெட்டிக்கு முன்னால் தலை வணங்கிப் போனார்கள். மகன் மட்டும் மூன்று ஊதுபத்தியைப் பற்றவைத்துவிட்டு, செருகச் சாம்பல் கிண்ணம் இல்லாமல், விரல் சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டுக்கு யாரும் அரிசி கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த மாதம் முழுக்க அங்கிருந்துதான் எங்களுக்குக் கஞ்சி வந்தது.

உங்கள் இதழுக்குச் சீனர் என்றாலே இளக்காரம்தான். போன வருடம் சீனப் புத்தாண்டைச் 'சீனர்களின் தீபாவளி' என்றீர்கள். அதைச் சுட்டி நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம் நாலு வரியாகச் சுருங்கி, 'இதழ் அருமை' என்ற பாகம் மட்டும் அச்சேறியது. நன்றி!

இந்தக் கட்டுரைக்கு நீங்கள் போட்ட 'சீன தேவாலயம்' படத்தின் பெயர்ப்பலகையைச் சற்று உற்றுப் பாருங்கள். வட்டமும் கோடுமாக இருப்பது கொரிய எழுத்து. அரிசி விஷயத்தில் உங்கள் கட்டுரையாளர் மனம் மாறுவார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அந்தப் படத்துக்காவது அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். கடிதத்தை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஆ மாவை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
தோ பாயோ, சிங்கப்பூர்