ஞாயிறு படக்காட்சி: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். வரும் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு நம் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம்.

இயக்குநர் மியாசாகியின் 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989), ஜப்பான் கார்ட்டூன். 13 வயது மந்திரக்காரச் சிறுமி கறுப்புப் பூனையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, பேக்கரிக்காரர் கொடுத்த அறையில் தங்கி, துடைப்பத்தில் பறந்து பார்சல் கொடுத்துப் பிழைக்கிறாள். சிரிக்கலாம். ஆனால் மனம் சோர்ந்து அவளால் பறக்கவே முடியாமல் போகும் இடம் இருக்கிறதே, அதுதான் முக்கியம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக அவசரப்படும் நம் பிள்ளைகளோடு பேச நல்ல சாக்கு.

1. 10 வயதுக்கு மேற்பட்டவர்களை அனுப்புங்கள். ஸ்வெட்டர், குடை கட்டாயம்.
2. கதிரை 20தான், பாய் கொண்டு வரவும்.
3. பிளேன்டீ எங்கள் பொறுப்பு.
4. எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதுங்கள். கைகூப்பும் எமோஜி மட்டும் போட்டால் கணக்கெடுக்க முடியாது, சரியா?