சும்மா திருப்பிக் கொடுத்த பாத்திரம்

பேட்டன் ரூஜ்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. சிகாகோவில் இன்னும் குளிர் விடவில்லை என்று அக்கா சொன்னாள். காதை மூடிக்கொண்டு போ. பொங்கலுக்கு அப்புறம் உன் குரலையே கேட்கவில்லை. 'நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்' என்று ஒரு வரிதான் வருகிறது. உனக்குப் பதவி உயர்வு வந்ததுகூட அக்கா சொல்லித்தான் தெரியும். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், மனசு நிறைந்துபோச்சு. என்னிடம் நீ சொல்லியிருந்தால் இன்னும் நிறைந்திருக்கும். சரி, விடு.

பொங்கலன்று பேசியபோது உன் அடுப்பில் ஏதோ வறுபடும் சத்தம் கேட்டது. 'கிளறுவதை நிறுத்தாதே' என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அது நம்ம லூசியானா பேச்சு, இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன், தெரியாதா? நீ உடனே போனை வைத்துவிட்டாய். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் போயிருந்தேன். நானாகத்தான் போனேன். இந்த ஊர்க் குழம்பான கம்போவைக் கீரை போட்டு வைக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினார்கள்.

முதலில் 'ரூ' என்று மாவை எண்ணெயில் வறுக்க வேண்டும். மைதாவும் எண்ணெயும் சரிக்குச் சரி, வார்ப்பிரும்புச் சட்டியில். உன் ஆச்சி அல்வா கிளறுவாளே, அந்த மாதிரி கை நிற்கவே கூடாது. வெள்ளையாக இருப்பது மெல்ல வறுத்த வேர்க்கடலை நிறத்துக்கு வரும், வாசனையும் அதேதான். அங்கே நிறுத்தாமல் கருப்பட்டி நிறம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் அவ்வளவும் வீண், கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் முதல் தடவை கருக்கிவிட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் சட்டியைத் துடைத்து மறுபடி அடுப்பில் வைத்தார்கள். நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் சேர்த்துப் போட்டால் சுர்ரென்று பொங்கி அடங்குகிறது. நீயும் அந்த இடத்தில் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

கீரை ஒற்றைப்படையில்தான் போடுவார்களாம். நாங்கள் போட்டது ஒன்பது. கடுகுக்கீரை, கொலார்ட், டர்னிப் இலை, காரட் தழை என்று பாட்டி எண்ணி எண்ணி எடுத்து வைத்தார்கள். எத்தனை கீரையோ அத்தனை புது சிநேகிதர்கள் அந்த வருஷம் கிடைப்பார்கள் என்பது நியூ ஆர்லியன்ஸ் நம்பிக்கை. அங்கே லியா சேஸ் அம்மாவின் உணவகத்தில் பெரிய வியாழன்தோறும் இதைச் சாப்பிட்டவர்கள் நம் பாட்டி. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சட்டமே இடம் கொடுக்காத காலத்தில், அந்த உணவகத்தின் மாடியில் இரு தரப்பினரும் உட்கார்ந்து கம்போ சாப்பிட்டுக்கொண்டே போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள். லியா அம்மா 2019-இல் தன் 96-ஆவது வயதில் போய்ச் சேர்ந்தார்கள். அதைச் சொல்லும்போது பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

மாவை வறுப்பது பிரெஞ்சுக்காரர் பழக்கம் என்றார்கள். கம்போ என்ற பேரே ஆப்பிரிக்காவில் வெண்டைக்காய்க்குச் சொல்வதாம், 1719-இலிருந்து கப்பல் கப்பலாக அடிமையாக்கிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சு. குழம்பு கெட்டிப்படக் கடைசியில் தூவும் ஃபிலே பொடி, இந்த மண்ணின் பழங்குடிகளான சாக்டா மக்கள் சாஸாஃப்ராஸ் இலையைக் காயவைத்து இடித்தது. அடுப்பை அணைத்த பிறகுதான் அதைத் தூவ வேண்டும். கொதித்தால் நூல் நூலாக இழுக்கும். வெண்டைக்காய் போட்டால் ஃபிலே வேண்டாம். வெண்டைக்காய் என்றதும் எனக்கு ஆச்சியின் புளிக்குழம்பு ஞாபகம் வந்து, அதைப் பாட்டியிடம் சொன்னேன். புளியை எப்படிக் கரைப்பது என்று விவரமாகக் கேட்டார்கள்.

தம்பி, இனி எழுதுவதற்குத்தான் மூன்று நாளாக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

2005-இல் கத்ரினா புயலில் வீடு முழுகி, மாற்றுத்துணிகூட இல்லாமல் மகள் வீட்டுக்கு வந்தார்கள் பாட்டி. குளிர் தொடங்கியதும் முதல் கம்போவை நமக்குக் கொண்டுவந்தார்கள். நீ நாலாம் வகுப்பு. நான் கதவைச் சாத்திவிட்டு அப்படியே சிங்க்கில் கொட்டினேன். ஒரு நண்டுக்கால் வடிகட்டியில் சிக்கிக்கொண்டது. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நாம் சைவம் இல்லையா என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். மூலைவீட்டு வெள்ளைக்காரம்மா முட்டை போட்ட கேக் கொடுத்தபோது வாங்கி, வெட்டித் தட்டில் வைத்துச் சாப்பிட்டோமே. அன்று எனக்குச் சைவம் ஞாபகம் வரவில்லை. பாட்டி கறுப்பு என்பதால்தான் கொட்டினேன்.

மறுநாள் பாத்திரத்தைக் கொடுக்க உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். ரொம்ப ருசியாக இருந்தது என்று சொன்னேன். நீ என் கையை உதறிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாய். ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது என்று ஆச்சி சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். சும்மா கொடுத்தேன்.

கீரை கொதிக்கும்போது இதைப் பாட்டியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே தெரியும் என்றார்கள். உண்மையில் சாப்பிட்டவர்கள் ருசி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமாட்டார்களாம், என்ன போட்டீர்கள் என்று கேட்பார்களாம். அதற்குமேல் பேசவில்லை. இறைச்சி போடாமல் எனக்கென்று ஒரு சட்டி தனியாக வைத்திருந்தார்கள்.

நீ மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. அன்றைக்கு அப்படிச் செய்தவளிடம் எதைத்தான் சொல்வது என்று நீ இருந்தால், அதில் உன் தப்பு ஒன்றுமில்லை.

மே கடைசியில் லீவு வருகிறதே. நானும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிவிட்டேன், பெரியது. நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு போ. அன்றைக்கு எத்தனை பேருக்கு அரிசி போடட்டும் என்று மட்டும் சொல்லு.

அம்மா