வீடியோவை அழித்தவர்களுக்கும், அதில் ஒரு துண்டைக் கேட்ட அக்காவுக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் சபை காணிக்கையால் தாங்கும் மிஷனெரி ஊழியர்களான அண்ணனும் அக்காவும் பத்திரமாக வீடு திரும்பிவிட்டார்கள். பூட்டைத் திறந்து விளக்கைப் போட்ட கையோடு, "வந்துட்டோம்" என்று ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஊழியம் செய்யும் ஊரில் வீடியோ எடுத்தவன் நான், சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டவனும் நான்; அது வெளியே பரவியதால்தான் அவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதை இன்னொரு முறை கிளற வேண்டாம்.

ராத்திரி பகலாக ஒவ்வொரு குழுவாகத் தேடிப் போய் அழிக்கச் சொன்ன வாலிபர் சங்கத் தம்பிமாருக்கும், யூடியூபில் ஏறியிருந்ததைப் புகார் கொடுத்து இறக்க வைத்தவருக்கும், பைசா வாங்காமல் வழி சொன்ன வக்கீல் அண்ணனுக்கும், சங்கிலி ஜெபம் வைத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் காபி வாங்கிக் கொடுத்த சேகர குருவானவருக்கும் நன்றி. எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். தனித்தனியாக வீட்டுக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து என் வீடியோ எனக்கே வந்தது. மேலே, பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி. அந்தக் குறி விழுந்த பிறகு வாட்ஸ்அப் ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்ப விடும். என்ன பிரயோசனம்? அதற்குள் அது நாடு சுற்றியிருக்கும். அடியில் நான் எழுதாத நாலு வரி, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில். அன்று ராத்திரி கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். இனி தொடுவதில்லை என்று முடிவு.

அந்த நேரத்தில்தான் அக்கா போன் பண்ணினார்கள், யார் வீட்டிலோ ஒண்டியிருந்த இடத்திலிருந்து. திட்டப்போகிறார்கள் என்று எழுந்து நின்றுகொண்டே எடுத்தேன்.

"சாப்ட்டியாய்யா?" என்றார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எல்லார் போன்லயும் அழிச்சாச்சாம்லா, நல்லது. அம்மா போன்லயும் அழிச்சிட்டாவளாம். நான் அடுப்புகிட்ட நிக்கித துண்டு மட்டும் உன்கிட்ட இருந்தா அம்மைக்குக் காட்டுதியா? நாலு வருசமா அவ என்னப் பாக்கல."

அவ்வளவுதான். என்னால் வீட்டை விட்டு வெளியேறியவர், அதே கேமராவில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். போனை வைத்துவிட்டு நான் வெகுநேரம் அழுதேன்.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா ஐயர் போன்றவர்களை நம்பித்தான் நம் ஊர்க்காரர்கள் காணிக்கை போட்டார்கள். அந்தச் சங்கத்தின் ஊழியம் நடந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் எந்தத் திசை என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கடிதம் வரும், சபையில் வாசிப்பார்கள், மடித்து வைப்பார்கள். கடிதத்துக்கு இரட்டை அம்புக்குறி கிடையாது. நாமோ கைப்பிடி அரிசி காணிக்கை போட்டதற்குக் கண்ணால் பார்க்கக் கேட்கிறோம். கேட்பது தப்பில்லை, பார்த்தால் ஜெபத்தில் ஒரு சூடு வரும், எனக்கும் தெரியும். ஆனால் ஞானஸ்நானக் காட்சி வேண்டும், பிள்ளைகள் கைதட்டிப் பாடுவது வேண்டும் என்று கேட்டபோது, அங்கே இருப்பவர்கள் நாம் கிளம்பிய பிறகும் அதே தெருவில் இருக்க வேண்டியவர்கள் என்பதை நாம் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஊர்ப் பெயர்ப்பலகையை அழகாக இருக்கிறதென்று முதல் காட்சியாக வைத்தவன் நான்தானே!

ஆகவே இனி ஊழியர் பார்த்துச் சரி என்று சொல்லாத ஒரு நொடியையும் காட்டமாட்டேன். முகம் இருக்காது, ஊர் இருக்காது, போனில் இருப்பிடப் பதிவும் அணைந்திருக்கும். ஆலயத் திரையில் ஒரு முறை ஓடும், குழுவில் வராது. "அனுப்பித் தாங்க தம்பி" என்று கேட்டு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

போன சனிக்கிழமை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இருக்கும் அக்காவின் அம்மாவைப் பார்க்கப் போனேன். நாற்பது நொடித் துண்டு அது. அடுப்பு, புகை, ஊதுகுழலோடு குனிந்திருக்கும் அக்கா, வேறெதுவும் இல்லை. அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். "சத்தத்தக் கூட்டு" என்றார்கள். கூட்டினேன். மறுபடி போடச் சொன்னார்கள். நாலாவது தடவை என்னைப் பார்த்து, "இருமுதாளே" என்றார்கள்.

அந்தத் துண்டை வெட்டி ஒட்டும்போது இருபது தடவையாவது பார்த்திருப்பேன், கேட்டதில்லை. முப்பத்தோராவது நொடியில், பாத்திரச் சத்தத்துக்குள், சின்னதாக ஒரு இருமல்.

அம்மா எழுந்து உள்ளே போனார்கள். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு, சுக்கு, மிளகு, பழைய காலண்டர் தாளில் பொதிந்து என் கையில் கொடுத்தார்கள். பார்சலில் போட்டாயிற்று. அக்கா, இந்த வாரக் கடைசியில் வந்துவிடும்.