மணிக்கு மருந்து கொடுக்கும்போது

அன்புள்ள கயல்,

நம் நாய் மணியின் ரத்தப் பரிசோதனை முடிவும் மருந்துச் சீட்டும் பார்த்தேன். உண்ணிக் காய்ச்சல்தான். டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 28 நாள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. என்பது கணக்கு. 20 கிலோ மணிக்கு அளவு சரியாகவே இருக்கிறது.

இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் எர்லிக்கியா கிருமி வெள்ளை அணுக்களுக்கு உள்ளேயே குடியேறிவிடும். பல ஆன்டிபயாட்டிக்குகள் அங்கே போதுமான அளவுக்குப் போய்ச் சேராது, டாக்ஸிசைக்ளின் சேரும். போய், கிருமி புரதம் தயாரிப்பதை நிறுத்தும். கிருமி பெருகாது, அவ்வளவுதான். மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இத்தனை நாள். இரண்டு மூன்று நாளில் மணி எழுந்து வாலாட்டிக்கொண்டு வரும், அத்தோடு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய. நீ நிறுத்தாதே. 28 நாள் முடிந்ததும் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களின் எண்ணிக்கையை மறுபடி பார்க்கச் சொல்.

மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுப்பாய் என்று தெரியும். அதைத்தான் செய்யக்கூடாது. தயிர், பால், பனீர் எதிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. இரும்பு அதைவிட மோசம். சீட்டில் கடைசியாக இருப்பது இரும்புச்சத்து டானிக். மாத்திரைக்கும் அதற்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடு. மதியச் சாப்பாட்டோடு டானிக் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. தயிர்சாதமும் அப்போதே போகட்டும்.

வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான். கொஞ்சம் சோறும் கோழியும் சாப்பிட்ட பிறகு, ஒரு துண்டு இட்லிக்குள் வைத்துக் கொடு, பின்னாலேயே தண்ணீர் காட்டு. ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதே. என்றைக்காவது நம் பூனை கருப்பிக்கு இதே மருந்து எழுதினால், மாத்திரைக்குப் பின் ஊசி இல்லாத சிரிஞ்சால் 5 மி.லி. தண்ணீர் கட்டாயம். பூனையின் உணவுக்குழாயில் இது ஒட்டிக்கொண்டால் புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிவிடும்.

காய்ச்சலுக்கு, போன வருஷம் கால் சுளுக்குக்கு வாங்கிய வலி மருந்து மெலாக்சிகாம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மருந்து நல்ல மருந்துதான், நேரம்தான் தப்பு. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ப்ராஸ்டாகிளாண்டின்களை அது குறைக்கிறது. அதே குடும்பம்தான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது, உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவும் வைக்கிறது. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் நாய்க்கு இரண்டும் அடிவாங்கும். அதோடு மணிக்கு பிளேட்லெட் 60,000தான். 2 லட்சமாவது இருக்க வேண்டும். இந்த நிலையில் குடலில் புண் வந்தால் ரத்தம் லேசில் நிற்காது. பிளேட்லெட்டுக்காக டாக்டர் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்தால் மெலாக்சிகாம் பக்கமே போகாதே, இரண்டும் சேர்ந்தால் வயிறு ஓட்டையாகும் அளவுக்குப் போகும்.

மனிதர்களுக்கான மெலாக்சிகாம் மாத்திரை 15 மி.கி. வரை வருகிறது. 20 கிலோ நாய்க்கு முதல் நாள் 4 மி.கி., அடுத்த நாளிலிருந்து 2 மி.கி. ஒரு மாத்திரையே ஒரு வாரத்து மருந்து. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு எந்த அளவிலும் வேண்டாம்.

பாராசிட்டமாலை நாய்க்கு டாக்டர் கணக்குப் போட்டுச் சில சமயம் தருவார். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்த மருந்தைக் கழிக்கத் தேவையான ஈரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. கழியாதது நச்சுப்பொருளாக மாறி, சிவப்பணுக்களை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி கெடுத்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கிலோவுக்கு 10 மி.கி.யிலேயே ஆபத்து வந்திருக்கிறது. 4 கிலோ கருப்பிக்கு ஒரு 500 மி.கி. மாத்திரை என்றால் கிலோவுக்கு 125. மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டைன், ஆனால் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மாத்திரை அட்டையை மேஜையில் போட்டுவைக்கும் பழக்கத்தை இப்போதாவது விடு.

இனி உண்ணி. கடையில் பிடரியில் விடும் சொட்டு மருந்து தருவார்கள். அட்டையில் பர்மெத்ரின் என்று இருந்தால் வாங்காதே. நாய்க்கு ஒன்றும் செய்யாது. அவன்மேல் ஒட்டிப் படுக்கும் கருப்பிக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். ஃப்ளூராலானர் மாத்திரை ஒன்று சாப்பாட்டோடு கொடுத்தால் சுமார் மூன்று மாதம் தாங்கும், பூனைக்கும் தொல்லை இல்லை. மணிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடு.

"மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் கொஞ்சம் போட்டால் உண்ணி ஓடிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஊசி மருந்து 1 மி.லி.யில் 10 மி.கி., 50 கிலோ எடைக்கு 1 மி.லி. என்று மாட்டுக்குக் கணக்கு. நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்கத் தருவது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். மணிக்கு அது 0.012 மி.லி. சாதாரண சிரிஞ்சில் சரியாக அளக்க முடியாது. கோலி வகை நாய்கள் பலவற்றில் இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் புரதம் பழுதாக இருக்கும். அவை கோமாவுக்கே போகும். மணி கலப்பினம், உள்ளே என்ன ரத்தம் என்று நமக்கென்ன தெரியும்?

மணியோ கருப்பியோ எந்த மருந்தைத் தின்றுவிட்டாலும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதே, உப்பே விஷமாகும். பாலும் வேண்டாம். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்று குறித்துக்கொண்டு, காலி அட்டையோடு நேராக மருத்துவமனைக்குப் போ. போகும் வழியில் எனக்குப் போன் செய்.

அம்மா