மௌஸ் அணையாத கதை

செங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. புதுக் கம்ப்யூட்டர் எதுவும் ஆர்டர் போடாதே. போட்டுவிட்டால் இன்றைக்கே கேன்சல் செய்துவிடு. நம்முடையதற்கு ஒரு கேடும் இல்லை.

ஷட் டவுன் செய்து மானிட்டர் இருண்ட பிறகும் கீபோர்டில் ஒரு பச்சைப் பொட்டு, மௌஸின் வயிற்றில் சிவப்பு. "இதுக்குத் தூக்கமே கிடையாதா?" என்று ஆச்சி தன் துண்டை மடித்து அதன்மேல் போட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். பஜாரிலிருந்து வந்த ரிப்பேர்காரர், கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போய்விட்டது என்று புதுசு மாட்டினார். பணமும் வாங்கினார். அன்று ராத்திரியும் சிவப்பு எரிந்தது.

எதிர்வீட்டு பாலிடெக்னிக் பையன்தான் விளக்கினான். 1995-இல் ஏடிஎக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பு முறை வந்ததிலிருந்து, சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஊதா நிற ஒயர் அதற்குத்தான். உள்ளே இருக்கும் மதர்போர்டு அதை யுஎஸ்பி ஓட்டைகளுக்கும் கொடுத்தால், கீயைத் தட்டியே கம்ப்யூட்டரை எழுப்பலாம். கோளாறே இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்!

அவன் சொன்னபடி நானே செய்தேன். ஆன் செய்ததும் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற செட்டிங் பக்கம் திறக்கிறது. பவர் பகுதியில் இஆர்பி என்று ஒன்று, ஷட் டவுனுக்குப் பிறகு ஓடும் கரண்டைக் குறைப்பது, டிசேபிள் என்று இருந்தது. எனேபிள் ஆக்கி, எஃப் 10 அழுத்தி சேமித்தேன். கண்ணாடி போட்டும் எழுத்து சரியாகத் தெரியவில்லை, கை நடுங்கியது, அது வேறு கதை. அடுத்த ஷட் டவுனில் இரண்டும் அணைந்தன.

கரண்ட் மிச்சம் பெரிதில்லை. அரை வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு நாலரை யூனிட்கூட வராது. ஆனால் இது இடிக்குக் காவல் ஆகாது. ஐப்பசியில் ஆரியங்காவுப் பக்கம் மலையில் முழங்க ஆரம்பித்தால் நான் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன்.

ஒரு சங்கடம். ராத்திரி கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகித்தான் என் போனுக்குச் சார்ஜ் ஏற்றுவேன். இப்போது அதுவும் நின்றுவிட்டது. தீபாவளிக்கு வரும்போது நல்ல சார்ஜர் ஒன்று வாங்கி வா. ஆச்சி இன்னும் துண்டைப் போட்டுத்தான் மூடுகிறாள், நானும் ஒன்றும் சொல்வதில்லை.

அம்மா