நாற்பத்தேழு வயதில் சோதினைக்கு நின்ற கதை

என் அன்பு வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிவிட்டது. ஆடி வேல் முடிந்து, ஆவணிக் கல்யாணங்கள் தொடங்கி, மணப்பெண்களின் தலையில் பூ வைத்துக் கை ஓய்ந்து, இன்றைக்குத்தான் கடையைப் பூட்டிவிட்டு ஆறுதலாக இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் நீ மினக்கெட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் அதற்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு இருந்தால் நன்றாகவா இருக்கும்?

உன் பெறாமகளைப் பற்றிக் கேட்டிருந்தாய், வருகிறேன். அதற்கு முதல் என் கதை. சிரிக்காதே. நான் சோதினைக்கு நின்றேன். என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) லெவல் 4, தலைமுடி அலங்காரம். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகினவர்களுக்கு, அவர்கள் செய்வதைப் பார்த்தே தகுதி கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். 28 வருடம் கத்தரிக்கோல் பிடித்த எனக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்றுதான் இருந்தேன். கடையில் நிற்கிற ஹட்டன் பிள்ளை (போன தடவை நீ வந்தபோது உனக்குத் தலை கழுவிவிட்டாளே, அவள்தான்) தன்னுடைய லெவல் 3 சான்றிதழைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்கு மேலே மாட்டினாள். அடுத்த நாள் கலர் பண்ண வந்த ஒரு அன்ரி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உம்முடையது எங்கே பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

சோதினை பார்க்க வந்த அம்மா நல்ல மனுசி, ஆனால் கண் கழுகுக் கண். என் சிங்களம் மீன்கடைச் சிங்களம் என்று உனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். வெட்டுகிறதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சீப்பு கீழே விழுந்தது, எடுத்து ஏப்ரனில் துடைத்துவிட்டு அப்படியே வெட்டத் தொடங்கினேன், பழக்கம்! அந்த அம்மாவின் பேனை ஓடிய சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. பிறகு, "இந்த முடியை எத்தனை பாகையில் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அது 'இப்படிப் பிடித்து இப்படி வெட்டுகிறது', இத்தனை வருடமும் அதற்கு வேறு பெயர் இருக்கவில்லை. 90 பாகையாம். தலைக்கு நேராகத் தூக்கி வெட்டினால் அடுக்கு விழும், தூக்காமல் கீழே விட்டு வெட்டினால் ஒரே கோடு. தெரிந்த விஷயத்துக்குப் பெயர் கிடைக்கிறபோது ஒரு சந்தோஷம் வருகிறது பார், கொஞ்சம் வெட்கத்தோடு.

கலருக்கு 48 மணித்தியாலத்துக்கு முதல் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டார். சொன்னேன். மனதுக்குள் 2011 இல் முகம் வீங்கிப்போய் வந்து நின்ற அந்த டீச்சரை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் பூசிப் பார்க்கவில்லை. பார்த்தால் கஸ்டமர் இரண்டு தரம் வர வேண்டும், இரண்டாம் தரம் வராமல் விட்டால் காசு போய்விடும் என்கிற பயம், வேறொன்றுமில்லை.

பாஸ். ஒரு பிரிவில் மட்டும் 'இன்னும் போதாது' என்று திருப்பிச் செய்யச் சொன்னார்கள், எது என்று நீயே ஊகித்துக்கொள்.

அன்றிரவு முழுக்க நாம் தொழில் பழகின பம்பலப்பிட்டி சலூன் மேடத்தைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். 1997. லொட்ஜில் இருந்து பொலிஸ் ரிப்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து போவோமே. ஆறு மாதம் முடி கூட்டினோம், துவாய் தோய்த்தோம், ரோலர் கழுவினோம். கலர் கலக்குகிற நேரம் மட்டும் மேடம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்பா. அளவைப் பார்த்துவிட்டால் நாளைக்குப் பக்கத்தில் கடை போட்டுவிடுவோமாம். நீதானே குப்பை வாளியில் இருந்து வெறும் டியூப்பை எடுத்து நம்பரைக் கொப்பியில் எழுதினாய்! கலரோடு கலக்குகிற டெவலப்பரில் 20 வொலியூம் என்றால் 6 வீதப் பெரொக்சைட் என்பது எனக்குத் தெரிய வந்தது அதற்கு நாலு வருடத்துக்குப் பிறகு. அந்த நாலு வருடத்தில் எத்தனை பேரின் முடியை வைக்கோலாக்கினேனோ.

இதில் நான் மேடத்தைத் திட்ட முடியாது என்பதுதான் கரைச்சல். போன மாதம் கலர் கலக்கிக்கொண்டு நிற்கிறபோது கண்ணாடியில் பார்க்கிறேன், புதிதாகச் சேர்ந்த மன்னார்ப் பிள்ளைக்கு என் முதுகுதான் தெரிகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. அல்லது வேண்டுமென்றுதான் செய்தேனோ தெரியாது. ஏனென்றால் ஹட்டன் பிள்ளை போகிறாள்.

ஜப்பானுக்கு, முதியோர் பராமரிப்புக்கு. 'கைகோ' என்று சொல்கிறார்கள். இரண்டரை வருடம் என் கையால் பழக்கினேன், கோபம் இல்லை என்றால் பொய். அவள் வந்த கதை உனக்குச் சொன்னேனோ தெரியவில்லை: ஓ.எல். முடித்துவிட்டு, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, கொழும்பில் ஏதோ ஒரு இடத்தில் 'சர்வதேச டிப்ளோமா' செய்திருக்கிறாள். தங்க முத்திரை குத்தின பேப்பர். பார்த்தால் கல்யாணக் காட் மாதிரி இருக்கும், பெறுமதியும் அவ்வளவுதான். அந்த இடம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவே இல்லை. 1990 இல் வந்த சட்டத்தின்படி பதிவு இருக்க வேண்டும், ஆனால் அதை மலையில் இருக்கிற அம்மாவுக்கு யார் சொல்வது? பிறகு என்னிடம் வேலை செய்துகொண்டே லெவல் 3 எடுத்தாள். அதற்கும் பிறகு இரவில் ஜப்பான் மொழி, வருகிற கஸ்டமருக்கெல்லாம் அந்த மொழியில் வணக்கம்.

ஏன் போகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன், சம்பளம் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் பில் புத்தகத்தின் பின் பக்கத்தைக் கிழித்துக் கோடு போட்டுக் காட்டினாள். மொழிச் சோதினை, பராமரிப்புத் திறன் சோதினை, அதற்குமேல் பராமரிப்பு வேலைக்கான மொழிக்கென்று தனியாக இன்னொன்று, மூன்றும் பாஸ் பண்ணினால் ஐந்து வருட விசா. மூன்று வருடம் வேலை செய்தபிறகு, இடையில் ஒரு பயிற்சியும் முடித்தால், அந்த நாட்டின் தேசியப் பராமரிப்பாளர் சோதினைக்கு நிற்கலாம், வருடத்தில் ஒரு தரம், ஜனவரியில். அதில் பாஸ் என்றால் விசாவை எத்தனை தரமும் புதுப்பிக்கலாம், புருஷன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். "அக்கா, எனக்கு அடுத்த மூன்று படியும் தெரிகிறது" என்றாள்.

என் கடையில் அவளுக்கு என்ன படி? கூட்டுகிறது, கழுவுகிறது, புளோ டிரை, கலர், வெட்டு. வெட்டுக்கு வந்துவிட்டால் கொமிஷன் கொஞ்சம் கூடும். அதற்கு மேலே இருக்கிறது என்னுடைய கதிரை ஒன்றுதான், அதில் நான் இருக்கிறேன். லெவல் 3 எடுத்து வந்தபோது சம்பளத்தைக் கூட்டினேனா? ஒரு கேக் வெட்டினேன். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், டொலர் 200 இல் இருந்து 360க்கு ஏறி, ஒரு டியூப் கலர் வாங்கவே கை நடுங்கின காலத்தில் என்னோடு பட்ட கடை இது, அப்போது பட்ட கடனே இன்னும் முடியவில்லை என்று எனக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை அவள் பில் புத்தகத்தில் கோடு போட முடியாதே.

மேல் மாடி டீச்சரம்மாவை நினைவிருக்கிறதா? மகன் டொரண்டோவில். பாரிசவாதம் வந்து இடப் பக்கம் விழுந்து ஒன்றரை வருடம். அட்டெண்டன்ட் மாதம் ஒருத்தி மாறுகிறாள். மகன் கட்டுகிற காசில் ஆள் அனுப்புகிறவன் ஒரு பங்கு எடுத்துவிட, வருகிற பிள்ளைக்கு மிஞ்சுவதில் பயிற்சிக்கு எங்கே போவது? ஒருத்திக்கு, பாவம், ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவே தெரியாது. சட்டை போடுகிறபோது அந்த அம்மா கத்துகிற சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்கும், நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். ஆமாம், அதைத்தான் செய்தேன்.

போன ஞாயிறு முடி வெட்டக் கூப்பிட்டார்கள். ஹட்டன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்தலை முழுக்கப் படுத்துப் படுத்துச் சடை விழுந்து பாய் மாதிரி இருந்தது. நான் என்றால் கத்தரிக்கோலை வைத்து அடியோடு எடுத்திருப்பேன், பத்து நிமிட வேலை. அவள், "அக்கா பொறுங்கள், முதலில் சட்டையை மாற்றுவோம்" என்றாள். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் விட்டாள், பிறகு நல்ல கை. கழற்றுகிறபோது மறுபக்கம், நல்ல கை முதலில். ஒரு சத்தம் வரவில்லை. சுகமில்லாத பக்கம் வளையாது, சட்டை தளர்வாக இருக்கிறபோதே அதை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வகுப்பில் ஜப்பான் மொழியிலேயே மனப்பாடம் செய்ய வைத்தார்களாம், மந்திரம் மாதிரிச் சொல்லிக் காட்டினாள். ஒன்றரை வருடம் அந்த அம்மா கத்தினது இந்த ஒரு வரி தெரியாததாலா என்று நினைக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிறகு நல்லெண்ணெய் தடவி, விரலாலேயே நுனியில் இருந்து மேலே மேலே சிக்கெடுத்தோம், இரண்டு மணித்தியாலம், இரண்டு பேரும். நுனியை மட்டும் வெட்டினேன். முடிந்ததும் டீச்சரம்மா வாய் கோணியபடியே ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை, பிள்ளைக்குத்தான் விளங்கியது: "இரட்டைப் பின்னல் போட்டு விடட்டாம் அக்கா." எண்பது வயதில்! போட்டுவிட்டேன்.

சரி, உன் பெறாமகள். ஏ.எல். சரிவரவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறாளாம், சலூனா கேர்கிவரா என்று கேட்கிறாய். எதுவென்றாலும், காசு கட்டுவதற்கு முதல் அந்த இடத்துக்குப் பதிவு இருக்கிறதா, முடிவில் கிடைப்பது என்.வி.கியூ.வா, எத்தனையாம் லெவல் என்று கேட்கச் சொல். இல்லை, இதைவிட நல்ல வெளிநாட்டுச் சான்றிதழ் தருகிறோம் என்று சொன்னால் எழும்பி வரச் சொல். கேர்கிவர் என்றால் லண்டன் கனவை இப்போதைக்கு மறக்கச் சொல், அதை நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் மாமி பொறாமையில் சொல்கிறா என்பாள். 2024 மார்ச்சோடு குடும்பத்தைக் கூட்டிப் போவது நின்றது, 2025 ஜூலை 22 ஓடு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது. அதற்குப் பிறகும் இங்கே 'ஸ்பொன்சர் இருக்கிறது' என்று காசு கேட்கிறவன் இருக்கிறான். சலூன் என்றால் வவுனியாவிலேயே தொடங்கட்டும். லெவல் 4 வரைக்கும் வந்தால் தனியாக நின்று வேலை செய்யக்கூடிய ஆள் என்று கணக்கு. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே இரத்மலானையில் யூனிவொடெக் என்கிற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் அங்கே போய் வாங்கில் இருந்தால் பிள்ளைகள் விரிவுரையாளர் வந்துவிட்டா என்று எழும்பி நிற்குங்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே லண்டனில் பராமரிப்பு வேலையில் லெவல் 2, 3 என்று ஏறி, இப்போது லெவல் 5 செய்கிறாய், பொறுப்பாளராகப் போகிறாய், நல்லது, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஆறு மாதமாக ஒருவரையும் குளிக்க வார்க்கவில்லை, கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாயே, அதை நான் நாலு தரம் வாசித்தேன். கை நன்றாகப் பழகின ஆளைத்தான் மேலே தூக்கிக் கதிரையில் இருத்துகிறார்கள், அந்தக் கை பிறகு என்ன செய்யும்? நீ இதைக் குறையாகச் சொன்னாயா, சும்மா சொன்னாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்ததில் விரிவாக எழுது.

உன் அம்மா அந்தக் காலத்தில் "கண்டவளின் தலையைத் தொடுகிற வேலையா?" என்று கேட்டதும், என் அப்பா சாகும்வரை நான் ஏதோ கொம்பனியில் வேலை என்றே ஊருக்குச் சொன்னதும், அதற்குள் இருந்த சாதிக் கதையும் உனக்கும் எனக்கும் தெரியும். இப்போது உன் அம்மாவின் தலையைத் தோய்த்துவிட வீட்டுக்கு ஆள் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். சுகமாக இருக்கட்டும், நான் கேட்டதாகச் சொல்.

மன்னார்ப் பிள்ளைக்குத் தராசும் கிண்ணமும் கொடுத்து, கலர் நீயே கலக்கு என்று விட்டிருக்கிறேன். முதல் நாளே டெவலப்பரைக் கூட ஊற்றி ஒழுகவிட்டாள். அவளுக்குப் படி போட்டுக் கொடுப்பது எப்படி என்று யோசிக்கிறேன், ஒவ்வொரு லெவலுக்கும் இவ்வளவு கூட என்று எழுதியே ஒட்டிவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன், இடிக்கிறது. இன்னொரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெறாமகளைத் திங்கட்கிழமை எனக்குக் கோல் எடுக்கச் சொல், அன்றைக்குத்தான் கடை பூட்டு. என் சான்றிதழ் இன்னும் சட்டம் போட்டு வரவில்லை. காலி வீதிக் கடைக்காரன் மூன்று நாள் என்றான், இரண்டு கிழமையாகிறது. அந்த அன்ரி வேறு அடுத்த சனிக்கிழமை கலருக்கு வருகிறா.

இப்படிக்கு,
உன் குப்பை வாளிக் கூட்டாளி