கட்டிலுக்கு இரண்டு பக்கமும்

அன்புள்ள மகளுக்கு,

எங்கெங்கே விளக்கு வரும் என்று காட்டி நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கி, அறை அறையாகப் பார்த்தேன். பழைய வீட்டை வாங்கியவர்கள் முதலில் அலங்கார விளக்கைத்தான் தேடுவார்கள். நீ ஒயரிங்கை முழுவதும் சோதிக்கச் சொல்லியிருக்கிறாய். அது எனக்குப் பெருமை. பழைய ஒயரின் மேலுறை காய்ந்து தொட்டாலே உதிரும், பல இடங்களில் எர்த்தும் இருக்காது. எர்த் இல்லாத லைனில் உலோக விளக்கு எதையும் மாட்ட விடாதே. மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

படுக்கையறையில் கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் விளக்கு பாயின்ட் இருக்கிறது. முதல் படத்தில் இரண்டு பக்கமும் இருந்ததாக ஞாபகம். வரைந்தவர் விட்டிருப்பார். பார்த்துக்கொள்.

சமையலறையில் நடுவில் ஒரே விளக்கு போதாது. மேடையைப் பார்த்து நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும், உன் நிழலிலேயே நீ காய் நறுக்குவாய். மேல் அலமாரியின் அடியில், முன் ஓரத்தை ஒட்டி எல்இடி பட்டை போடு. அங்கே 4000 கெல்வின் வெள்ளை வெளிச்சம் சரி, படுக்கையறைக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போதும். வாட்டைப் பார்த்து வாங்காதே, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனைப் பார். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமன் தந்தது, இன்று 9 வாட் எல்இடி அதைத் தந்துவிடும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் பெட்டியில் 90க்கு மேல் இருக்கிறதா என்றும் பார், குறைந்தால் முகமே வெளிறித் தெரியும்.

கூடத்தில் இத்தனை குழி விளக்குகள் எதற்கு? கூரை தாழ்வு, எல்லாம் கண்ணில் குத்தும். பாதியை எடுத்துவிட்டு மீதியைச் சுவர்ப் பக்கம் தள்ளு. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் சின்னக் கூடமும் விசாலமாகத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதானால் விளக்கும் டிம்மருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் மினுக்கும். மாடிப்படிக்கு, மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கிற டூ-வே சுவிட்ச் போட்டிருக்கிறாய், சந்தோஷம்.

பின்னறையில் இப்போது படுக்கைக்குப் பக்கத்தில் படிக்கிற விளக்கு வந்திருக்கிறது. முன்பு அங்கே புத்தக அலமாரிக்கு மட்டும்தான் விளக்கு. விருந்தாளிக்காக இருக்கும். அம்மாவிடம் காட்டினேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் குழாய் ஒழுகினாலும் போன் செய்வாய். இப்போது படம்தான் வருகிறது, குரல் வருவதில்லை. மாப்பிள்ளையும் பேசி நாளாகிறது. வேலை அதிகம் என்றாய். இருக்கும். இவ்வளவு பெரிய வேலையைத் தனியாகவே இழுத்துச் செய்கிறாய், யாராலும் குறை சொல்ல முடியாதபடி செய்கிறாய். ஆனால் எல்லாவற்றையும் தனியாகச் செய்யத்தான் வேண்டுமா?

மறுபடியும் சொல்கிறேன், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பாயின்ட் வை. ஒருவர் தூங்கும்போது மற்றவர் படிக்கலாம், எழுந்து போய் அணைக்க வேண்டாம். இப்போது விளக்கு வேண்டாம் என்று தோன்றினால் மாட்டாதே. பைப்பை மட்டும் போட்டு, ஒயரை இழுத்து, பெட்டிக்கு வெறும் மூடி போட்டு வை. சுவர் திறந்திருக்கும்போது அது அரை மணி நேர வேலை. பூசி வண்ணம் அடித்த பிறகு என்றால் சுவரை மறுபடி வெட்ட வேண்டும். எந்தப் பைப் எங்கே போகிறது என்று மூடுவதற்கு முன் படம் எடுத்து வை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் நீ என் பிள்ளைதான். பூச்சு வேலை என்றைக்கு என்று மட்டும் தெரியப்படுத்து. அதற்கு முந்தின நாளே வந்து நிற்கிறேன். வர வேண்டாம் என்றால் அதையும் போனில் சொல், எழுதாதே.

அப்பா